சிவலிங்கம் நடக்காத பாதை

ஊரில் உள்ள பாதைகளை எல்லாம் மேப்பில் ஏற்றிவிடுவது, ஒரே ஒரு பாதையை மட்டும் விட்டுவிடுவது. ஒரு சனிக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது சிவலிங்கம் எடுத்த முடிவு இது. முடிவு எடுத்த கையோடு வாயைக் கொப்பளித்துத் துப்பினான். நேற்றுவரை வெறும் ஓட்டோக்காரனாக இருந்தவன், இன்றைக்கு மலையையே கைக்குள் வைத்திருப்பதுபோல அவனுக்குத் தோன்றியது.

இரத்தோட்டைக்கு மேலே ஊசிமலைத் தேயிலைத் தோட்டம். பத்திரத்தில் அதற்கு ஓர் இங்கிலீஷ் பேர் உண்டு, அது யார் வாயிலும் நுழையாது. அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளாக எட்டு லயம், ஒரு கோவில், கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற ஒரு பிள்ளைக் காம்பரா, ஒரு ஓட்டோ. ஓட்டோ சிவலிங்கத்தினுடையது. அவன் மனைவி புஷ்பவதி கொழுந்தெடுக்கிறவள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாத்தளையிலிருந்து தினுஷா என்று ஒரு பெண் வந்தாள். தொண்டர்கள் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து மேப் போடுகிற பெண். சிங்களப் பிள்ளை, ஆனால் தமிழை ஆசையாகப் பேசுவாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்துப் போனை நீட்டினாள். எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இது மாத்தளை. இது இரத்தோட்டை. இது உங்க தோட்டம்."

பார்த்தால் வெறும் பச்சை. ரோட்டு ஒன்று வளைந்து வளைந்து மேலே வந்து, துரை பங்களாவோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பங்களா இருந்தது. பங்களாவில் புல் மண்டிக் கிடக்கிற டெனிஸ் கோர்ட்டுகூட இருந்தது. லயம் ஒன்றையும் காணோம்.

"நாங்க எங்கம்மா?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மா. நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவள்.

"நீங்க இல்ல அம்மே. யாரும் போடல. நாங்கதான் போடணும்."

அந்த மேப் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லையாம். விருப்பப்பட்டவர்கள் சேர்ந்து போடுவதாம். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவர்கள் வீடுகளை வரைவார்களாம்.

அடுத்த கிழமை தினுஷா வந்தபோது பச்சைக்கு நடுவில் எட்டுச் சின்னப் பெட்டிகள் முளைத்திருந்தன. எட்டு லயம். வரைந்தவர் எந்த நாட்டுக்காரர் என்று அவளுக்கே தெரியாது. பேருக்குப் பதிலாக நாலு எழுத்தும் மூன்று இலக்கமும் இருந்தன. கிருஷ்ணம்மா ஒரு பெட்டியின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"இதா என் வீடு? கடல் தாண்டி ஒருத்தர் ஒக்காந்து என் வீட்டுக் கூரையைப் பாத்தாரா? பாத்துப் பாத்து வரைஞ்சாரா? எனக்காகவா?"

சிவலிங்கத்துக்குக் கை மயிர் குத்திட்டது. அப்போதே தொண்டனாகச் சேர்ந்துவிட்டான்.

"கூரை மேலேருந்து தெரியும் அண்ணே" என்று தினுஷா சொல்லிக்கொடுத்தாள். "தேயிலைக்குள்ள போற பாதை தெரியாது. அத நடந்துதான் போடணும். இத அமுக்கிட்டு நடங்க. போன் போற வழியெல்லாம் கோடு விழும். டேட்டா இருந்தா தானா எங்களுக்கு வந்துடும்."

ஒரு தொப்பியும் கொடுத்தாள். அன்றையிலிருந்து சிவலிங்கம் தொப்பியைக் கழற்றவில்லை, போனையும் நிறுத்தவில்லை. தொண்டர் பட்டியலில் கிலோமீட்டர் ஏற ஏறப் பேர் மேலே போகும் என்று அறிந்ததும், தூங்கும்போதும் அதை ஓடவிட்டான். பங்களா ரோட்டு, கோவில் பாதை, ஸ்டோர் ரோட்டு எல்லாம் ஏறிவிட்டன. தன் வீட்டிலிருந்து கக்கூசுக்குப் போகிற பாதையைக்கூட ஏற்றினான்.

விட்டுவிடத் தீர்மானித்த பாதை, ஏழாம் நம்பர் மலைக் குறுக்குப்பாதை.

லயத்திலிருந்து தேயிலைக்குள்ளே இறங்கி ஓடையைத் தாண்டினால் பள்ளிக்கூடம். பன்னிரண்டு நிமிஷ நடை. போன மழையில் ஓடையின் மரப்பாலம் போய்விட்டது. அதன்பிறகு பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் போகிறார்கள். கிருஷ்ணம்மாவின் பேத்தி வழுக்கி விழுந்ததில் சப்பாத்து ஒன்று ஓடையோடு சுது கங்கை ஆற்றுக்குப் போய்விட்டது. பிள்ளையை எட்டிப் பிடித்தது புஷ்பவதி. மழை நாளில் சிவலிங்கத்தின் ஓட்டோவில் பங்களா வழியாகச் சுற்றிப் போகவேண்டும், இல்லையென்றால் பள்ளிக்கூடம் இல்லை. பாலம் கேட்டுப் பிரதேச சபைக்கு எழுதினதற்கு, பாதையே மேப்பில் இல்லை, இல்லாத பாதைக்கு எப்படிப் பாலம் கட்டுவது என்று பதில் வந்தது.

பாலம் வந்தால் மழை நாளில் ஓட்டோவுக்குக் கிடைக்கிற ஹயர் காசு போய்விடும். இதை சிவலிங்கம் யாரிடமும் சொல்லவில்லை. புஷ்பவதியிடம் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

"என்னாங்க, ஏழாம் மலைக்கு எப்ப போறீங்க?"

"ஏழாம் மலையில சிக்னல் இல்ல புஷ்பம்."

"போனாத்தானே தெரியும்?"

"போகாமலே தெரியும். அனுபவம்."

"அட்டை கடிக்கும்னு பயமா?"

"அட்டையா? எனக்கா? நான் எப்பேர்ப்பட்ட ஆளு! மேப்புக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குடி. பெரிய ரோட்டு முதல்ல. சின்னப் பாதை பொறகு."

"கக்கூசு பெரிய ரோட்டா?"

சிவலிங்கம் தொப்பியைச் சரிசெய்தான். பதில் இல்லாதபோது அவன் செய்கிற வேலை அது.

"தொண்டர்னா எல்லாருக்கும் பொதுங்க" என்றாள் புஷ்பவதி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு அந்த மௌனத்திலேயே பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை. தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலிருந்து, "ஐயோ! போச்சே!" என்று ஒரு சத்தம். சிவலிங்கம் சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடினான்.

"என்னாடி?"

"உங்க போனு! நேரம் பாக்கக் கொண்டுவந்தேன். குடத்துக்குள்ள விழுந்துருச்சுங்க!"

ஈரத் துவாய்க்குள் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"குடு, பாப்போம்!"

"தொடாதீங்க! இப்ப அமுக்கினா உள்ள எரிஞ்சுபோகும். அரிசிக்குள்ள வச்சாத் தண்ணிய இழுத்துரும். எங்க தம்பி போனு அப்படித்தானே பொழைச்சுது?"

பொழைத்தது உண்மைதான். புஷ்பவதி உள்ளே போய் அரிசி டின்னைத் திறந்தாள், கையை விட்டாள், மூடினாள். மூடியின்மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தாள்.

"பொழுது சாயற வரைக்கும் தொறக்கக் கூடாது. காத்துப் பட்டா ஈரம் திரும்ப ஏறிரும். மணிக்கொரு தடவை டின்னைத் திருப்பி வைங்க, ஒரு பக்கமே ஈரம் தங்கிரும். நீங்க வீட்டுல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க சிவலிங்கம் அரிசி டின்னுக்குக் காவல் இருந்தான். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். மணிக்கொரு தடவை குழவியை இறக்கி, டின்னைத் திருப்பி, குழவியை ஏற்றினான். எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்த டின் ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தது. பசி எடுத்தது. சோறாக்கலாம் என்றால் அரிசி எல்லாம் டின்னுக்குள். மிச்சமிருந்த பாண் துண்டைத் தின்று தண்ணீர் குடித்தான்.

பத்தரை மணிக்குப் பக்கத்து லயத்து சதீஸ்குமார் வந்தான்.

"அண்ணே, டவுனுக்கு ஒரு ஹயர் போகணும்."

"முடியாது தம்பி. போன் அரிசிக்குள்ள இருக்கு."

"செத்துருச்சா, உசுரோட இருக்கா?"

"தெரியலையே."

"என் போன்லருந்து அடிச்சுப் பாப்போமா?"

அடித்தார்கள். மணி போனது.

"அண்ணே, அடிக்குது!"

சிவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பொழைச்சுருச்சு! பொழைச்சுருச்சுடா!"

இரண்டு பேரும் மண்டியிட்டு டின்னின் இரண்டு பக்கமும் காதை வைத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"உள்ள கேக்கலையேண்ணே?"

"அரிசி சத்தத்தை இழுத்துக்கும்டா. தண்ணியவே இழுக்குது, சத்தத்தை இழுக்காதா?"

சதீஸ்குமார் யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் பட்டது. பஸ்ஸுக்கு நடந்தான்.

நாலரைக்கு புஷ்பவதி வந்தாள். முகம் கழுவினாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டின்னைத் திறந்து, கையை விட்டுத் துழாவி, அரிசி ஒட்டின போனை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. ஒங்க அதிர்ஷ்டம்."

சிவலிங்கம் போனை ஊதினான், துடைத்தான். திரை வெளிச்சமாக வந்தது. பழக்கத்தில் மேப்பைத் திறந்தான்.

திறந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

ஏழாம் மலை நிறையக் கோடு. ஒன்றல்ல, இரண்டல்ல. லயத்திலிருந்து மலைக்கு ஏறுகிற கோடு. அதிலிருந்து ஒவ்வொரு தேயிலை நெரைக்கும் பிரிகிற கோடுகள். மடுவத்துக்கு ஒன்று. கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்வர, பிள்ளைக் காம்பராவுக்கு ஒன்று. கல்லடிச் சாமிக்கு ஒன்று. மாடு மேய்கிற பக்கம் ஒன்று. எல்லாம் கூடி ஒரு தடித்த கோடாகி ஓடைக்கு இறங்கி, ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றது. ஒரு தேயிலை இலையை வெளிச்சத்துக்குப் பிடித்தால் நரம்பெல்லாம் தெரியுமே, மலை அப்படி இருந்தது.

இருபது வருஷமாக அந்த மலையின் அடியில்தான் ஓட்டோவை நிறுத்துகிறான். அவனுக்கு அது ஒரு பச்சைச் சுவர். சுவருக்குள்ளே இவ்வளவு நடை இருக்கிறதா? இத்தனை பேர், இத்தனை காலம், இவ்வளவும் நடந்தார்களா?

"புஷ்பம்... இது யாரு நடந்தது?"

"எல்லாரும்தான். காலையில என் கூடையில இருந்துச்சு. தண்ணிக்குப் போற ஆளு கூடைக்கு மாத்தினோம். பொறகு கிருஷ்ணம்மாக்கா கூடை. பிள்ளைக் காம்பராவுக்குக் கைப்பிள்ளைக்காரி சுதர்சினி கொண்டுபோனா. முப்பத்தோரு கூடைங்க. கங்காணி கேட்டாரு, என்னா இன்னிக்கு எல்லாரும் கொழுந்து இல்லாத பாதையிலயும் நடக்குறீங்கன்னு."

"அப்போ குடத்துல விழுந்தது?"

"துவாய் விழுந்துச்சு."

சிவலிங்கம் அரிசி டின்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சிக்னல் இல்லைன்னீங்களே" என்றாள் புஷ்பவதி. "பத்தரை மணிக்கு யாரோ அடிச்சாங்க. கிருஷ்ணம்மாக்கா கூடைக்குள்ள மணியடிச்சு, அவங்க கோவில்னு நெனைச்சுக் கும்பிட்டுட்டாங்க."

அவன் விரல் திரையின் மேல் போய் நின்றது. அமுக்கினால் அன்றைய கோடெல்லாம் அழிந்துபோகும் என்று நினைத்தான். ஒரே அமுக்கு. விரல் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஓடைக்கரையில் ஒரு இடத்தில் கோடு சிக்கலாகிச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. பாலம் இருந்த இடம். எங்கே காலை வைப்பது என்று தேடித் தேடி நடந்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபிறகு விரல் இறங்கவில்லை. மெல்ல மடக்கிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தினுஷா.

"அண்ணே! பத்தொன்பது கிலோமீட்டர்! ஒரே நாள்ல! பட்டியல்ல நீங்கதான் முதல்! எனக்கு அழுகை வந்துருச்சு அண்ணே. இப்பவே சபைக்கு அனுப்பிட்டேன். வியாழக்கிழமை ஐயா வர்றாங்க, நீங்கதான் பாதை காட்டணும்."

"நானா?"

"வேற யாரு? நடந்தது நீங்கதானே?"

சிவலிங்கம் புஷ்பவதியைப் பார்த்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சபை உத்தியோகத்தர் நீளமான அளவு நாடாவோடு வந்தார். சிங்களத்தில் பேசினார், தமிழும் கொஞ்சம் வந்தது. லயத்து ஆட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கிருஷ்ணம்மா சிவலிங்கத்தின் தலையில் கைவைத்து, "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்றாள். அவளுக்கு நடந்தது தெரியும். தெரிந்துகொண்டே சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"முன்னால நடங்க" என்றார் உத்தியோகத்தர்.

பாதை எங்கே தொடங்குகிறது என்று சிவலிங்கத்துக்குத் தெரியாது. தொப்பியைச் சரிசெய்தான். புஷ்பவதி கூடையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவருக்கு எல்லாம் தெரியும் சார். அட்டை இருக்கும், நான் சும்மா தட்டிக்கிட்டே முன்னால போறேன்."

அவள் பின்னாலேயே நடந்தான். தேயிலை இடுப்பைத் தொட்டது. காலடியில் மண் படிபடியாகத் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, கோவில் வாசற்படிபோல. அந்த வழுவழுப்பு ஒரு நாளில் வந்ததல்ல என்று அவனுக்கு விளங்கியது. ஓடைக்கரையில் நின்று பார்த்தபோது தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தினமும் இறங்குகிற இடம்.

உத்தியோகத்தர் நாடாவை விரித்து அளந்தார். எழுதினார். பாலம் கட்டலாம், தானே முன்னின்று செய்வதாகச் சொன்னார். ஆனால் நாலு மாதமாவது ஆகும். மழை வருகிறது. அதுவரைக்கும் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக்கூடாது, அதற்கு என்ன வழி என்று அறிக்கையில் எழுதவேண்டும் என்றார்.

சிவலிங்கம் வாயைத் திறப்பதற்குள் புஷ்பவதி சிங்களத்தில் கடகடவென்று, அவனுக்குப் பிடிபடாத வேகத்தில் சொல்லிமுடித்தாள். உத்தியோகத்தர் முகம் மலர்ந்தது. சிவலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களைப்போல ஆள் ஊருக்கு ஒருவர் போதும் என்றார். குனிந்து எழுதினார்.

"நீ என்னாடி சொன்ன?"

"தொண்டர்னேன். நாலு மாசமும் எல்லாப் பிள்ளைகளையும் ஓட்டோவுல ஹயர் காசு இல்லாம கூட்டிட்டுப் போவாருன்னேன்."

உத்தியோகத்தர் அறிக்கையை நீட்டி, கையெழுத்துப் போடும்படி சொன்னார். சிவலிங்கம் சட்டைப்பையைத் தடவினான். பேனா இல்லை. தப்பித்தோம் என்று ஒரு கணம் நினைத்தான்.

புஷ்பவதி கொண்டையிலிருந்து ஒரு பேனாவை உருவிக் கொடுத்தாள்.