அடுத்த வீட்டு மதாமின் சுவர்

பிரான்ஸ் தேசத்தில் குளிர்காலத்தை நட்டமில்லாமல் நடத்திக் காட்டிய ஒரே மனிதர் தணலர்தான். மற்றவர்கள் எல்லோரும் குளிரைத் தாங்கினார்கள், அல்லது அதற்குக் கட்டணம் கட்டினார்கள். தணலர் குளிரையே சம்பளமில்லாத வேலையாளாக வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அவருடைய விண்ணப்பங்களை நிரப்பியவன் என்ற முறையில் அது எனக்குத் தெரியும். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வேறு எவருக்கும் தெரியாது. படுக்கப் போகும் முன் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைத்து, விடிந்ததும் அதையே ஊதி நெருப்பாக்குவார். தீக்குச்சி மிச்சம். இதை ஒருநாள் தேநீர்க் கடையில் பெருமையாகச் சொல்லப்போக, அன்று பின்னேரத்துக்குள் தெரு முழுவதற்கும் அவர் தணலர் ஆகிவிட்டார்.

நான் பாரிசை ஒட்டிய பொபினியில் ஓர் அரச அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டியும் அவிழ்த்தும் ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு அந்தத் தேநீர்க் கடையின் மூலை மேசைதான் எனக்கு அலுவலகம். எந்தப் பத்திரத்துக்கு எந்த வரிசை, எந்த வரிசைக்கு எந்தக் கதவு என்று கேட்க ஆட்கள் வருவார்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், அகதியாக இலங்கைக்குத் திரும்ப முடியாத தணலர் திருச்சிக்குப் போய்க் கலியாணம் செய்துகொண்டார். மனைவி வவுனியாவுக்குத் திரும்பினார்; இவர் என் மேசைக்கு வந்தார்.

அகதி உரிமை கிடைத்த பிறகு செய்த கலியாணம் அது. அப்படியானால் மனைவியைக் கூப்பிடச் சட்டம் வேறு கதவைத்தான் காட்டும். நிரந்தர வேலை வேண்டும். மரக்கறிக் கடையில் அது இருந்தது. வீடு வேண்டும், அது இல்லை. வீடு என்றால் இரண்டு பேருக்குப் போதிய பரப்பளவும், சூடாக்கும் வசதியும் உள்ள வீடு. நகரசபையிலிருந்து ஆள் வந்து பார்த்து எழுதுவார். அவர் பிழையாக எழுதினால் மனைவி வவுனியாவிலேயே இருக்க வேண்டியதுதான். தணலரோ அப்போது ஐந்தாறு பேரோடு ஓர் அறையில் முறைவைத்துப் படுத்துக்கொண்டிருந்தார்.

பாரிசில் சட்டம் கேட்கும் அளவுக்கு வீடு எடுத்தால் சம்பளம் முழுவதும் வாடகைக்குப் போய்விடும். தணலர் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, ஒரு மணித்தியாலம் வடக்கே போய், அங்கிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு கிராமத்து வீட்டைப் பிடித்தார். பீற்றூட் வயல்களின் நடுவே பழைய கல்வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, குசினியில் இரும்பு விறகடுப்பு. ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. அந்த வீட்டில் தனியாக ஒரு வயதான மதாம் இருந்தார்.

முதல் குளிர்காலத்தில் நான் போய்ப் பார்த்தேன். அறையைச் சூடாக்கச் சுவரில் மின்சாரச் சோபாஜ் பொருத்தியிருந்தது. தணலர் அதில் துவாயைத் தொங்கப் போட்டிருந்தார்.

"இது வேலை செய்யாதோ?"

"நல்லாச் செய்யும் அண்ணை. ஒருக்காப் போட்டுப் பாத்தன். உதிலை சின்னச் சிவப்பு லைற் ஒண்டு எரியுது. அது என்னையே பாக்குற மாதிரிக் கிடந்தது. நிப்பாட்டிப்போட்டன்."

அவருடைய சோபாஜ் ரயிலில் வந்தது. கடையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வந்திறங்கும் பலகைப் பெட்டிகளை உடைத்து, சாரத்தில் மூட்டையாகக் கட்டி, கழுத்துப்பட்டி கட்டிய கனவான்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு போவார். ரிக்கெற் பரிசோதகர் ஒருநாள், "இது என்ன, முசியே?" என்று கேட்டாராம். "என் வீட்டுச் சோபாஜ்" என்று தணலர் பிரெஞ்சில் பதில் சொன்னார். அதற்குத் தனி ரிக்கெற் எடுக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. எனக்குத் தெரியும்.

குளிர்ப்பெட்டி வாங்கவில்லை. மீனும் பாலும் யன்னலுக்கு வெளியே ஒரு வாளிக்குள் இருந்தன. யன்னல் இடுக்குகளில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை மடித்து அடைத்திருந்தார். எங்கள் பத்திரிகைகளில் பாதி மரண அறிவித்தல் அல்லவா? அந்த வீட்டுக்குள் காற்று வராது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் காலமான ஒருவர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருப்பார். படுக்கப் போகும்போது வைன் போத்தல்களில் சுடுநீர் நிரப்பிப் போர்வைக்குள் வைத்துக்கொள்வார். அந்த நீரிலேயே காலையில் முகச்சவரம்.

கட்டிலைப் பொதுச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்.

"மதாம் நாள் முழுக்க சோபாஜ் போடுறவ. கைவைச்சுப் பாருங்கோ. நல்ல சுவர் அண்ணை!"

"அது மதாமின்ரை காசு ஐசே."

"ஓம். ஆனா சுவரிலை பாதி என்ரை."

சிக்கனத்தை நான் மதிப்பவன்தான். ஆனால் சிக்கனக்காரர்களில் இரண்டு வகை உண்டு: எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெரிந்தவர்கள், சேர்ப்பதை நிறுத்த முடியாதவர்கள். தணலரை நான் இரண்டாவது வகையில் வைத்திருந்தேன். இரண்டாவது அறைக் கதவு எப்போதும் மூடியிருந்ததும் அந்தக் கணிப்பில்தான் சேர்ந்தது. சூடு வெளியே போகாமல் இருக்க மூடியிருக்கிறார் என்று நினைத்தேன்.

தை மாதத்தில் நகரசபை ஆள் வருவதாக அறிவித்தல் வந்தது. அன்று காலை முதல் ரயிலிலேயே நான் போய் இறங்கினேன். இரண்டு அறைச் சோபாஜையும் போடச் சொன்னேன். விறகடுப்பையும் மூட்டச் சொன்னேன்.

"ஆள் இல்லாத அறைக்கு ஏன் அண்ணை சூடு?"

"அறைக்கு ஆள் வரவேணுமெண்டால் முதலிலை சூடு வரவேணும். போடும்!"

போட்டார். ஊசி போடக் கைநீட்டும் முகத்தோடு போட்டார். வீடு சூடேறியது. நான் முன்னறையில் பத்திரங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தேன். தணலர் வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தார். அடுப்பு பொங்கி எரிந்துகொண்டிருந்தது, மேலே ஒரு கேத்தல்கூட இல்லாமல். இந்தக் காட்சியைத் தாங்க அவரால் முடியவில்லை. எனக்குத் தெரியாமல் தாச்சியை வைத்தார். கொத்தமல்லி வறுத்தார். சோம்பு வறுத்தார். வாசலில் காரின் சத்தம் கேட்டபோது, கறித்தூளுக்காக எடுத்து வைத்திருந்த செத்தல் மிளகாய் முழுவதையும் தாச்சியில் கொட்டியிருந்தார்.

நகரசபை அம்மையார் கதவைத் திறந்து "பொன்ஜூர்" என்று சொல்லத் தொடங்கினார். 'பொன்' மட்டும் வந்தது. பிறகு இருமல். எனக்கும் இருமல். தணலர் பாய்ந்து யன்னல்களை எல்லாம் திறந்தார். பத்திரிகைகள் பிய்ந்து பறந்தன. மூன்று பேரும் முற்றத்துப் பனியில் நின்று கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தோம். காலமான ஒருவர் அம்மையாரின் காலடியில் விழுந்து புன்னகைத்தார்.

அடுத்த வீட்டு மதாம் தீப்பிடித்துவிட்டதாக நினைத்து வெளியே ஓடிவந்தார்.

"மிளகாய்தான், மதாம்" என்றேன்.

"அப்படியா! காலையிலிருந்தே எனக்கு ஆச்சரியம். என் பக்கத்துச் சுவர் சூடாக இருக்கிறது. இவர் இங்கே வந்த பிறகு இதுதான் முதல் தடவை!"

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "முதல் தடவையா?"

தணலரின் முகம் வெளுத்தது. அவருக்குப் பிரெஞ்சு குறைவுதான். ஆனால் இந்தக் கேள்வி விளங்கிவிட்டது.

"மதாம்," என்றேன் நான், வாழ்நாள் முழுவதும் கற்றதை எல்லாம் ஒரே மூச்சில் திரட்டி, "சூடாக்கும் வசதி இருக்கிறதா என்றுதான் விதி கேட்கிறது. பாவிக்கிறாரா என்று கேட்கவில்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நட்பு இல்லை. உள்ளே போனார். சோபாஜில் கைவைத்தார், சுட்டது. முன்னறையை அளந்தார். பிறகு மூடியிருந்த இரண்டாவது அறையைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே ஒரு புதுக் கட்டில். அதன் மேல், இன்னும் உறை பிரிக்காத, கடையிலேயே ஆகத் தடித்ததாக இருந்திருக்கக்கூடிய ஒரு சிவப்புப் போர்வை. கீழே, உள்ளே கம்பளி வைத்த பெண்களின் செருப்புச் சோடி ஒன்று, விலைத்துண்டு கழற்றாமல், யாரோ சற்று முன் கழற்றி வைத்ததுபோல ஒழுங்காக இருந்தது.

அந்த அறைக்குள் நான் அதுவரை போனதில்லை.

"நீர் வைன் போத்தலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிறீர். இதைப் போர்த்தால் என்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உது அவவின்ரை, அண்ணை" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அறையை அளந்தார். வாசலில் நின்று எழுதினார். "காற்றோட்டத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, முசியே" என்றார். தணலர் மகிழ்ச்சியில் ஒரு போத்தல் கறித்தூளை அவரிடம் நீட்டினார். அரச ஊழியருக்குப் பரிசு! நான் இடையில் புகுந்து பறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தப் போத்தல் என் குசினியில்தான் இருந்தது. நடைமுறையைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே ஊதியம்.

அனுமதி வந்தது. விசா வந்தது. அடுத்த குளிர் தொடங்கும்போது மனைவியும் வந்தார். மார்கழியில் இருவரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

வாசலிலேயே அந்த அம்மா சிவப்புப் போர்வையைத் தோளில் சுற்றி, கம்பளிச் செருப்போடு நின்றார். முன்னறை நல்ல சூடு. இரண்டாவது அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். கூரை வரை கத்தரிக்காய்ப் பெட்டிகள்.

"என்ன இது? இந்த அறைக்காகத்தானே இவ்வளவு பாடும்!"

"ரெண்டு பேர்தானே அண்ணை இருக்கிறம்," என்றார் அந்த அம்மா. "ஒரு அறை காணும். மற்றதுக்கு ஏன் வீணா நெருப்பு?"

தணலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கேற்ற ஆள்தான். சட்டம் கேட்ட பரப்பளவில் பாதி அந்த வீட்டில் கடைசிவரை விறகுக்குத்தான் பயன்பட்டது.

சாப்பிட்ட பிறகு தணலர் கட்டிலில் எனக்கு இடம் ஒதுக்கினார். "இஞ்சை இருங்கோ அண்ணை, சுவரோடை." மறுபக்கத்தில் ஏதோ கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"மதாம்தான்," என்றார் தணலர். "இப்ப தன்ரை கதிரையையும் இந்தச் சுவரோடை போட்டிட்டா. இஞ்சாலைப் பக்கம் நல்ல சூடாம்."

முதுகைச் சாய்த்தேன். சுவர் இதமாக இருந்தது.

"இது உம்மடை சூடோ, மதாமின்ரை சூடோ?"

தணலர் சுவரில் கைவைத்துப் பார்த்தார்.

"கணக்குப் பாக்கேல்லை அண்ணை."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். புறப்பட எழுந்து கோட்டைக் கையில் எடுத்தவன், மறுபடி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த ரயிலுக்குப் போகலாம் என்று பட்டது.