பாண்மா குழைத்த கையும் ஜெயராணியின் முழங்காலும்

தனக்குக் கைராசி இருக்கிறதென்று தானே சொல்லித் திரிகிறவனை நம்பாதீர்கள். நான் அப்படித்தான் திரிந்தேன். மொன்ட்ரியாலில் முப்பது வருடம் பேக்கரியில் பாண்மா குழைத்த கை என்னுடையது. (அதில் இருபது வருடம் மாவைக் குழைத்தது மெஷின். நான் சுவிச்சைப் போட்டேன். அதை வெளியே சொல்வதில்லை.)

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி ஜெயராணிக்கு முழங்காலில் மூட்டுவாதம் முற்றியது. எங்கள் வீடு மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மேல்மாடி. வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிகள் பதினெட்டு. ஒவ்வொரு படியும் அவளுக்குச் சிலுவைப்பாதை. "வேற ஒண்டும் வேண்டாமப்பா, நத்தார்ப் பூசைக்கு மட்டும் கோயிலுக்குப் போகவேணும்" என்றாள். கிறிஸ்மஸ் இரவுப் பூசையைத்தான் சொன்னாள்.

சீன வைத்தியத்தில், முழங்காலைச் சுற்றிக் கையால் அமர்த்தி உருட்டி நோவைக் குறைக்கும் முறை ஒன்று உண்டு. துயினா என்பார்கள். அதை வீட்டிலேயே செய்யப் பழக்கும் சனிக்கிழமை வகுப்பில் எங்கள் மகள் சுகந்தி எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டாள். அது கார்த்திகை மாதம்.

ஆசிரியை ஒல்லியான சீனப் பெண்மணி. புறங்கையைத் தொடையில் உருட்டிக் காட்டினார். "டூஸ்மோ, டூஸ்மோ" என்று பிரெஞ்சில் பத்துத் தரம் சொன்னார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். நொந்தால் உடனே சொல்லவேண்டும் என்றும் சொன்னார்.

பிறகு ஜெயராணியின் தொடையில் என் உருட்டலைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இந்த மிஸியூவின் கையைப் பாருங்கள்" என்றார். பத்துச் சோடி கண்கள் திரும்பின. ஜெயராணி முகத்தில் அப்படி ஒரு பெருமை. கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஆசிரியை அடுத்த மூலைக்குப் போனார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. முழங்கால் சில்லைச் சுற்றி மெதுவாகத் தடவச் சொன்ன இடத்தில், மாவிலிருந்து காற்றை வெளியேற்றுவதுபோல் இரண்டு பெருவிரலையும் வைத்து அமுக்கினேன்.

"நோகுதோ?"

"நோகேல்லை."

இன்னும் அமுக்கினேன்.

"இப்ப?"

"நோகேல்லையப்பா."

அவள் நெற்றி வியர்த்திருந்தது. ஹீட்டர் கூடிவிட்டது என்று நினைத்தேன். (இப்படியும் ஒரு மடையன்.)

வகுப்பு முடிந்தபோது அவளால் எழும்ப முடியவில்லை. டாக்சியில் வீட்டு வாசலுக்கு வந்தபோது முழங்கால் விளாம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. கீழே முதல் படியில் குளிர்காற்றில் இருந்தோம். மேலே இன்னும் பதினேழு.

"நொந்தது எண்டு ஏன் சொல்லேல்லை?"

"அத்தினை சனம் உங்கட கையைப் பாத்துக்கொண்டிருக்கேக்க எப்பிடிச் சொல்லுறது? உங்களை விட்டுக்குடுக்க ஏலுமோ?"

கடைசியில் மருமகனும் மூலைக்கடை டெப்பனர்க்காரரும் அவளைச் சமையலறைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் பின்னால் அவளுடைய சப்பாத்தைக் கொண்டுபோனேன். அதற்குத்தான் என் கை உதவியது.

அந்த நத்தார்ப் பூசையை லாப்டொப்பில் பார்த்தோம். ஜெயராணி பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து அழுதேன்.

வீக்கம் வற்றியது. மூட்டுவாதம் போகவில்லை. ஒப்பரேஷனுக்கு இன்னும் வரிசையில் நிற்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது "நோகேல்லை" என்றால் உயிர் போகிறது என்று பொருள். நான் வைக்கும் சொதியை ஒரு வாய் குடித்துவிட்டு மருமகன், "நோகேல்லை மாமா" என்பார். சுகந்தி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன நத்தாருக்கு நான் தனியாகக் கோயிலுக்குப் புறப்பட்டேன்.

"போட்டு வாங்கோப்பா. எனக்கு நோகேல்லை" என்று சிரித்தாள் ஜெயராணி. நானும் சிரித்துக்கொண்டு இறங்கினேன். பதினெட்டாவது படியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பி ஏறிப் போய் லாப்டொப்பைத் திறந்தேன்.