ஒரு பல்லில் குடியேறிய பாவம்

முனியாயிக்கு ஏழு நாளாக ஈறு எரிந்தது. பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு வாயை மூடிக்கொண்ட மாதிரி. எரியட்டும், எரிவது உன் பாவம்தான் என்று வெண்பல் சாமியார் சொல்லியிருந்தார். பாவம் ஈறில்தான் குடியிருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

சாமியார் சிலமலையில் கொட்டகை போட்டதிலிருந்து போடி பஸ்சில் நிற்க இடமில்லை. வெற்றிலைக் கறை ஏறிய வாய்களெல்லாம் அங்கே வரிசை கட்டின. முந்நூறு ரூபாய்க்கு ஒரு டப்பி வெள்ளைப் பசை. வீட்டில் ஏழு நாள் பூச வேண்டும். பல் நிஜமாகவே வெளுத்தது, அதுதான் வினை. வெளுக்காத பல்லில் பாவம் குடியிருக்கிறதாம். காலி பண்ண ஐயாயிரம்.

முனியாயிக்கு முன்பல் ஒன்று மட்டும் பழைய மஞ்சளிலேயே நின்றது. இந்தப் பல்லோடு அவள் கூலிக்குப் போகும் ஏலத் தோட்டத்துக்குள் போனால் ஏலப்பூ உதிரும் என்றார் சாமியார். போதாதா? மறுநாள் காலை போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் கூட வேலை பார்க்கும் பதினோரு பேரும் இடமில்லாத மாதிரி கால் நீட்டிக்கொண்டார்கள். டிரைவர் ஜக்கையன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"கோவிச்சுக்காத ஆத்தா. பூ உதிர்ந்தா எல்லாருக்கும் சோலி போயிரும்."

நாலாம் நாளும் ஜீப்பு விட்டுவிட்டுப் போனதும் அவள் போடிக்குப் பஸ் ஏறினாள், அந்தப் பல்லையே பிடுங்கிவிட. அது பீங்கான் கேப்பு. தோட்டத்தில் வழுக்கி விழுந்து உடைந்த பல்லுக்கு மேல் மாட்டியது. காசு கொடுத்து மாட்டிய பல்லில் பாவம் எப்படி ஏறும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

போடியில் பல் செய்யும் பட்டறையில் அந்தக் கேப்பைச் செய்து கொடுத்த ஷாரோன் சிரிக்காமல் விளக்கினாள். சாமியார் பசையில் இருக்கும் மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்குமாம். பீங்கான் சூளையில் வெந்த நிறத்திலேயே நிற்குமாம். கண்ட பசையைத் தேய்த்தால் அதன் மெருகு வேண்டுமானால் போகுமாம். அன்றைக்கு மற்ற பல்லுக்குத் தோதாக மஞ்சள் பார்த்துச் செய்ததே ஷாரோன்தான்.

முனியாயி பல்லைப் பிடுங்கவில்லை. அன்று மத்தியானம் சூளையிலிருந்து எடுத்த, யார் வாய்க்கும் போகாத மஞ்சள் கேப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

மறுநாள் ஞாயிறு. நல்ல கூட்டம். அவள் அதைச் சாமியார் கையில் வைத்தாள்.

"பசை பூசியும் இது வெளுக்கல சாமி. யாரு பாவம்னு பாத்துச் சொல்லுங்க."

சாமியார் பல்லை நெற்றியில் ஒற்றினார், உடம்பை முறுக்கினார். பொம்பளையாம், வயது நாற்பதாம், புருசனுக்குத் துரோகம் செய்தவளாம். எட்டாயிரம் ஆகுமாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இது நேத்து மத்தியானம் சூளையில இருந்து வந்த பல்லு சாமி. இன்னும் ஒரு வாயையும் பாக்கல. அதுக்குள்ள எங்க இருந்து வந்தான் புருசன்?"

பிளந்த வாயைக் கூட்டம் மூடவில்லை. முனியாயி திரும்பி, பாவப் பல்லுக்காரர்களில் அது சொந்தப் பல்லாக இருப்பவர்கள் கை தூக்கச் சொன்னாள். ஒரு கையும் எழவில்லை. எல்லாம் மாட்டிய பல். பாவம் பார்த்துப் பார்த்துப் பீங்கானில் மட்டும் குடியேறியிருந்தது.

சாமியார் பின்பக்கத் தட்டியைப் பிரித்துக்கொண்டு ராசிங்காபுரம் பக்கம் ஓடினார். மகாராஜன் என்று பெயர், முன்பு சந்தையில் பல்பொடி விற்றவன் என்பதெல்லாம் ஓடிய பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை ஜீப்பில் இடம் இருந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி, வெரசா ஏறச் சொன்னான் ஜக்கையன். அவளும் ஏறினாள்.

பீங்கானுக்குப் பாவம் ஏறுமா என்று யோசிக்க ஒரு நிமிசம் போதும், காசும் ஆகாது. அந்த ஒரு நிமிசத்தை மிச்சம் பிடித்த பதினோரு பேரும் டிரைவரும் முனியாயிக்கு நாலு நாள் கூலி தர வேண்டும். இன்னும் தரவில்லை.