விஸ்வேஸ்வர விலாசுக்கு ஒரு நட்சத்திரம்

"ஒண்ணே ஒண்ணுடீ! ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் போயிருக்கு, பீடை!"

விஸ்வேஸ்வரன் செல்போனைச் சூடான பாத்திரம்போலத் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கல்லாவுக்கும் சமையற்கட்டுக்கும் நடையாய் நடந்தார். முதல் ஈடு இட்லி இறக்கியாகிவிட்டது. எடுத்து வைக்க ஆள் இல்லை.

"யாருப்பா? காட்டுங்கோ" என்றாள் மகள் ஸாதனா.

"பேரு குட்டி ஏஞ்சலாம். படத்துல ஒரு வெள்ளைப் பூனை கண்ணாடி போட்டுண்டு உக்காந்திருக்கு. என்ன குறைன்னு ஒரு எழுத்து எழுதலை. வெறும் ஒத்தை ஸ்டார்!"

மட்டாஞ்சேரியில் பாலஸ் ரோட்டிலிருந்து மசாலா கிட்டங்கிகளுக்குத் திரும்பும் முனையில் இருக்கிறது விஸ்வேஸ்வர விலாஸ். இட்லி, வடை, காப்பி. அதற்கு மேல் ஆசைப்பட்டால் வியாழக்கிழமை ரவா தோசை. ஒரு காலத்தில் சாக்கு சுமக்கிறவர்கள் விடியுமுன் வந்து வரிசையில் நிற்பார்கள். இப்போது கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகக் கலைப்பொருள் கடைகளாக மாறிவிட்டன. இட்லி தின்கிறவர்கள் குறைந்து, குத்துவிளக்கைப் போட்டோ எடுக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். குத்துவிளக்கைப் போட்டோ எடுக்கிறவர்களுக்குப் பசிப்பதில்லை.

அப்போதுதான் ஸாதனா கையைக் கொடுத்தாள். எர்ணாகுளத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் அவளுக்கு வேலை. சிறிய கடைகளை இணையத்தில் பெரிதாகக் காட்டுவதுதான் அந்த வேலை. அப்பா கடைக்குச் சம்பளமில்லாமல் அதையே செய்தாள். வாழையிலையில் இட்லியை வைத்து, மேலே புகை பறக்க, ரீல் எடுத்துப் போட்டாள். கை கழுவ வருகிறவரின் போனை வாங்கி, எங்கே தொட்டால் நட்சத்திரம் விழும் என்று சொல்லிக்கொடுத்தாள். வாசலில் தொங்கிய மீசை வைத்த ராட்சசப் பூசணியையும், எலுமிச்சை மிளகாய்ச் சரத்தையும் கழற்றிப் பின்கட்டில் போட்டாள்.

"போட்டோவுல அசிங்கமா விழறதுப்பா. பிராண்டுக்கு ஆகாது."

கடைக்கு மாவு ஆட்டுகிற பேச்சி மட்டும் அன்றைக்கு முணுமுணுத்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். சனிக்கிழமைதோறும் அந்தச் சரத்தைக் கட்டுகிறவளும் அவளேதான். "அதக் கழட்டாதம்மா. கண்ணுபட்டுப் போவும்" என்றாள். ஸாதனா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பேச்சியும் தன் மகள் இசக்கிசெல்வி கொடுத்த பழைய போனில் சீரியல் பார்த்துக்கொண்டே கிரைண்டர் பக்கம் போய்விட்டாள்.

பலன் கைமேல் கிடைத்தது. வந்த விமர்சனங்கள் எல்லாம் அஞ்சுக்கு அஞ்சு. அதைப் பார்த்துவிட்டு போர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்தும் சேவியர் கூப்பிட்டார். அவர் வீட்டு விருந்தாளிகளுக்குத் தினமும் காலை ஆகாரம் கொடுக்க ஒரு கடை வேண்டும். சனிக்கிழமை நேரில் வந்து ருசி பார்த்துவிட்டுச் சொல்வாராம்.

அது கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் களமசேரியில் மச்சினன் எடுத்து நடத்தும் தொழிற்சாலை கேன்டீன்தான் கதி. "அத்திம்பேர், நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம். உக்காந்து டோக்கன் கிழிச்சுக் குடுத்தா மதி, அது போறும்" என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தி நடுவில் எல்லாருக்கும் கேட்கும்படிச் சொல்கிறவன் அவன். சொந்தக் கடையில் சாம்பாருக்கு உப்புப் பார்க்கும் மனிதன் மச்சினன் கடையில் டோக்கன் கிழிப்பதா?

இந்த நேரத்தில்தான் குட்டி ஏஞ்சல்.

"விளங்குவாளா அவ? அவ கை..." என்று விஸ்வேஸ்வரன் ஆரம்பித்தார்.

"ஏசாதீக மொதலாளி" என்றாள் பேச்சி, மாவை வழித்தபடி. "போட்டவுக நல்லதுக்குத்தான் போட்டிருப்பாக."

"நல்லதுக்கு யாராவது ஒத்தை ஸ்டார் போடுவாளா? நீ மாவைப் பாரு."

ஸாதனா நிதானமாகச் சொன்னாள். "அப்பா, இதுக்கு வழி இருக்கு. மோசமான ரெவ்யூவுக்கு மரியாதையாப் பதில் எழுதணும். 'உங்க குறையைச் சரிபண்ணிக்கறோம்'னு ஒரு வரி. படிக்கறவாளுக்கு நம்ம மேல மதிப்பு வரும். நான் ஆபீஸ் போயிட்டு வந்து எழுதறேன்."

அவள் எர்ணாகுளம் பஸ் பிடித்ததும் விஸ்வேஸ்வரன் யோசித்தார். பதில் கடிதம்தானே? கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

"அனுப்புநர்: உரிமையாளர், விஸ்வேஸ்வர விலாஸ். பெறுநர்: குட்டி ஏஞ்சல் அவர்கள், முகவரி அறியோம். பொருள்: ஒற்றை நட்சத்திரம் வழங்கியது தொடர்பாக. ஐயா அல்லது அம்மையீர், தாங்கள் அன்புடன் அனுப்பிய நட்சத்திரம் கிடைக்கப்பெற்றோம். குறை இன்னதென்று தாங்கள் குறிப்பிடாதபடியால், நாங்களே ஊகித்து வருந்துகிறோம். சென்ற செவ்வாயன்று சாம்பாரில் உப்பு மிகுந்தது உண்மை. மின்விசிறியிலிருந்து பஞ்சு போன்ற ஒன்று எங்கள் வாடிக்கையாளர் நாணு சேட்டனின் சட்னியில் விழுந்ததும் உண்மை. கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு பல்லி நெடுங்காலமாக வசித்து வருகிறது. அது இன்றுவரை எந்த அண்டாவிலும் விழுந்ததில்லை என்று உறுதியளிக்கிறோம். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள..."

அனுப்பிவிட்டு, ஒரு காப்பி கலந்து குடித்தார். மனசு லேசாக இருந்தது.

கடிதம் தமிழில்தான் இருந்தது. ஆனால் அடியில் இருந்த மொழிபெயர்ப்புப் பொத்தான் அதை மலையாளத்திலும் இங்கிலீஷிலும் ஊருக்கெல்லாம் பந்தி வைத்துவிட்டது.

மறுநாள் காலை நாணு சேட்டன் இட்லித் தட்டைத் தொடுவதற்கு முன் அண்ணாந்து பார்த்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து மேஜையும் அண்ணாந்தது.

"சாமீ, ஆளு எவிடெ? இன்னிக்கு லீவா?"

"யாரு?"

"பல்லி."

பதினொரு மணிக்கு எர்ணாகுளத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு காப்பி வாங்கி நாலு பேர் குடித்தார்கள். பல்லியை மட்டும் நாலு பேரும் தனித்தனியாக ரீல் எடுத்துக்கொண்டு போனார்கள். மாலைக்குள் பல்லிக்குக் கிடைத்த லைக், புகை பறந்த இட்லிக்கு ஒரு மாதத்தில் கிடைத்ததைத் தாண்டிவிட்டது.

ஸாதனா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "கேக்காத குத்தத்தை எல்லாம் யாராவது எழுதுவாளாப்பா?"

"கடிதத்துல பொய் எழுதப்படாது."

"சரி, விடுங்கோ. இனி நல்ல ரெவ்யூவாக் குவிச்சு இதை அடியில தள்ளணும். வழக்கமா வர்றவா கிட்டப் பதமாச் சொல்லுங்கோ. கெஞ்சக் கூடாது. அவாளாத் தோணிப் போடற மாதிரி இருக்கணும்."

அவர்களாகத் தோன்றுவதற்கு விஸ்வேஸ்வரன் ஒரு வழி கண்டுபிடித்தார். சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதி வாசலில் வைத்தார்: 'அஞ்சு ஸ்டார் போட்டால் ஒரு வடை இலவசம்.'

கூட்டம் கூடத்தான் செய்தது. பாராட்டும் குவிந்தது. "வடை கிடைத்தது. ஸ்டார் போட்டுவிட்டேன்" என்று ஒருவர். "வடை நன்று. இட்லி இன்னும் தின்னவில்லை" என்று இன்னொருவர். "என் தம்பியும் போட்டான். அவனுக்கு வடை தரவில்லை" என்று மூன்றாமவர் எழுதி, கோபத்தில் இரண்டு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். இன்னொரு மகான் பலகையையே போட்டோ எடுத்துப் போட்டார்.

இரண்டு நாளில் விமர்சன ஆப்பை நடத்துகிற கம்பெனி விழித்துக்கொண்டது. லஞ்சம் வாங்கி எழுதியவை என்று சொல்லி வடை விமர்சனங்களை அழித்தது. கூடவே, வடைக்கு முன்னால் நாணு சேட்டன் மனசார எழுதியிருந்ததும் போயிற்று. குட்டி ஏஞ்சல் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவ வடை திங்கலையோல்லியோ, அதான்" என்றாள் ஸாதனா வெறுத்துப்போய்.

விஸ்வேஸ்வரனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். எதிரே சுதீரின் கூல்பார். அதன் வாசலில் ஒரு பூனை. வெள்ளைப் பூனை. போனில் இருப்பதும் வெள்ளைப் பூனை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் முகமும் ஒத்துப்போயிற்று.

"அவனாக்கும்! லைம் சோடா விக்கறவனுக்கு என் இட்லி மேல பொறாமை!"

"அப்பா, பூனையை வெச்சா கண்டுபிடிக்கறது?"

அவர் கேட்கவில்லை. மகள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கூல்பாரைத் தேடிப் பிடித்து, ஒரு நட்சத்திரம் போட்டு, "செய்த வினை செய்தவருக்கே" என்றும் எழுதினார். பேர் தெரியாமல் அடித்துவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

அவர் போனில் திறந்திருந்தது கடையின் கணக்கு. கூல்பாரின் பக்கத்தில், கொட்டை எழுத்தில், விஸ்வேஸ்வர விலாஸ் என்று கடை முகப்புப் படத்தோடு அது போய் நின்றது.

சுதீர் தெருவைத் தாண்டி வந்தான். கையில் எலுமிச்சை பிழிகிற கட்டை.

"சாமீ, இது எந்தா பணி? உங்க கடைக்கு ஆத்யம், முதமுதல்ல, அஞ்சு ஸ்டார் போட்ட ஆளாணு நான். எனக்கு ஒண்ணா?"

"நீ ஏன் பூனைப் படம் வெச்சுண்டு எனக்குப் போட்டே?"

"பூனையா? எண்டெ பூனைக்குச் சோறு வைக்கவே நேரமில்ல, போன் வாங்கிக் குடுத்திருக்கேனா?" சுதீர் தன் போனை நீட்டினான். அவன் பேரில், அவன் படத்தோடு, அஞ்சு நட்சத்திரமும் "நல்ல மனுஷன், நல்ல இட்லி" என்ற வரியும் இருந்தன. "பார்த்தல்லோ? இனி இதையும் பாருங்க." விஸ்வேஸ்வரன் கண் முன்னாலேயே நாலு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மாலை. கடையின் மதிப்பு மூன்றுக்கும் கீழே முக்கிக்கொண்டிருந்தது. மச்சினன் வாட்ஸாப்பில் பல்லி ரீலை அனுப்பி, அடியில், "அத்திம்பேர், டோக்கன் புத்தகம் ரெடி" என்று எழுதியிருந்தான்.

விஸ்வேஸ்வரன் தெருவைத் தாண்டிச் சுதீர் கடைக்குப் போனார். தன் நட்சத்திரத்தை அழித்துக் காட்டினார். "மன்னிச்சுக்கோப்பா. புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார். சுதீர் ஒரு லைம் சோடா கொடுத்தான். உப்பு அதிகம். விஸ்வேஸ்வரன் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

சனிக்கிழமை காலை சேவியர் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்ததும் முதலில் அண்ணாந்துதான் பார்த்தார். விஸ்வேஸ்வரனுக்கு உயிர் போய்விட்டது.

சேவியர் நாலு இட்லி தின்றார். வடையைப் பிட்டு மோந்து பார்த்துத் தின்றார். சாம்பாரைத் தனியாகக் குடித்தார். கை கழுவும்போது பல்லியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பல்லியும் அவரைப் பார்த்தது.

"உங்க கடிதம் நான் குடும்பத்தோட உட்கார்ந்து வாசிச்சேன்" என்றார்.

"அது வந்து... அதை அழிச்சுடலாம்னு..."

"அழிக்கண்டா! நான் ஒருபாடு, எத்தனையோ கடை பார்த்தாச்சு. எல்லாருக்கும் அஞ்சு ஸ்டார். ஒரு இடத்துல சட்னி புளிச்சிருக்குன்னு சொன்னா, அதாணு எங்க ஸ்டைல்னு சொல்றான். கேட்காத குத்தத்துக்கு மாப்பு கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். இட்லியும் அசலா இருக்கு. எனக்கு நீங்க மதி."

ஸாதனா வாயைப் பொத்திக்கொண்டாள். விஸ்வேஸ்வரன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"ஒரு காரியம்" என்றார் சேவியர், தன் போனை எடுத்து. "இது எண்டெ ஹோம்ஸ்டே. பாருங்க. தொடங்கின நாள்லேருந்து எல்லாம் அஞ்சு. ஒண்ணு குறைஞ்சதில்லை. இதாணு எண்டெ ஜீவன்." அவர் அதை ஸாதனாவுக்குக் காட்டினார், நாணு சேட்டனுக்குக் காட்டினார், மாவு கையோடு எட்டிப் பார்த்த பேச்சிக்கும் காட்டினார். "இன்னிக்கே ஒரு பாத்திரம் இட்லி கொண்டுபோறேன். ஆனா உங்க இட்லி என் வீட்டுக்குள்ள வந்தப்புறம் ஒரே ஒரு ஸ்டார் குறைஞ்சாலும், அன்னிக்கே நிறுத்திடுவேன். சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்! என் இட்லியாலே ஒரு குறையும் வராது!"

ஸ்கூட்டர் திருப்பத்தில் மறையும் வரை விஸ்வேஸ்வரன் வாசலில் நின்று கையாட்டினார். எதிர்க் கடையிலிருந்து சுதீர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மச்சினனுக்கு அனுப்ப வேண்டிய பதிலை, அனுப்புநர் பெறுநரோடு, மனசுக்குள் எழுதிக்கொண்டே உள்ளே திரும்பினார்.

"பேச்சி! அந்தப் பூசணியை எடுத்துண்டு வா. மறுபடி வாசல்ல கட்டிடலாம். ஸாதனா ஒண்ணும் சொல்லமாட்டா."

பேச்சி பின்கட்டிலிருந்து போனை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பூசணி எதுக்கு மொதலாளி? அதக் கழட்டுன பொறவு, நம்ம கடைக்கு அத்தனையும் அஞ்சஞ்சா வருதே, கண்ணுபட்டுருமேன்னு, எங்க இசக்கிசெல்வி பூனப்படம் வச்சுக் குடுத்த போன்ல ஒத்தை நட்சத்திரத்தைத் திருஷ்டிப் பொட்டா வச்சு விட்டேன்லா. வெளிய சொன்னா பலிக்காதுன்னுதான் வாயத் தொறக்கல. இப்ப எப்படிப் பலிச்சிருக்கு பாத்தீகளா! பாவம், அந்த சேவியர் அண்ணாச்சி வீட்டுக்கும் எல்லாம் அஞ்சஞ்சாத்தான் மின்னுது, மனசு கேக்கல... இப்பத்தான் அவருக்கும் ஒண்ணு வச்சுட்டு வாரேன்."