கிணற்றுச் சுவர் ஏறிய கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் உன் அத்தானும் கிணற்றுத் தவளையும் சுகம். உன் மனைவியின் முழங்கால் வலி தேவலையா? சுரங்க அலுவலகத்தில் கிணறுகளின் நீர்மட்டப் பதிவேடு எழுதுகிறவன் நீ என்பதால் இதை உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும். படிக்கும்போது பக்கத்து மேஜைக்காரரை டீ குடிக்க அனுப்பிவிடு.

எங்கள் கொல்லைக் கிணறு உங்கள் பதிவேட்டில் பதினேழாம் நம்பர். நிலக்கரி வெட்டுகிற குழி எங்கள் தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று பார்க்க, வெயிலில், மழையில், மழை விட்டபின், பனியில் என்று வருஷத்துக்கு நாலு தடவை டேப்காரர் வருவார். கிணற்றுச் சுவரின் விளிம்பிலிருந்து டேப்பை இறக்குவார். தண்ணீரைத் தொட்டதும் அது 'பீப்' என்று கத்தும், தவளை பதிலுக்குக் கத்தும், அவர் எழுதிக்கொண்டு போவார். போன வருஷம் மழை விட்டபின் இருபத்தாறு அடி. இந்த வருஷம் இருபத்தெட்டு! ஒரே வருஷத்தில் ரெண்டு அடி இறங்கினால் தெருவுக்குக் குழாய் போட வேண்டும் என்பது உங்கள் விதியாம். திங்கட்கிழமை கையெழுத்தாகிறதாம். தெருவே துள்ளுகிறது. நான் மட்டும் பத்து நாளாகச் சர்க்கரை இல்லாமல் டீ குடித்துப் பிராயச்சித்தம் செய்கிறேன்.

ஏன் என்று கேள். உன் அத்தான் முப்பது வருஷம் சுரங்கக் குழியிலிருந்து தண்ணீரை பம்ப் வைத்து வெளியேற்றியவர். ஓய்வு பெற்றபின், மிச்சம் இருக்கிறதா என்று கிணற்றை எட்டி எட்டிப் பார்ப்பதே வேலை. கண்ணாடி ரெண்டு தடவை உள்ளே விழுந்தது. "மூணாவது தடவை நீங்களே விழப் போறீங்க, சுவரை ஏத்துங்க"ன்னு கத்தினவள் நான்தான். ஏத்தினார். சரியாக ரெண்டு அடி. ஆக, தண்ணீர் இறங்கவில்லையடா, சுவர் ஏறியிருக்கிறது!

வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நோட்டில் தேதி, மழை, தண்ணீர் மூன்றையும் எழுதுகிறவள் நான். பள்ளிக்கூடம் போகாத எனக்கு எழுத்துப் பழக்கியதே அந்த நோட்டுதான். வாளிக் கயிற்றில், வாளியிலிருந்து எண்ணினால், அடிக்கு ஒரு முடிச்சு. போன வருஷம் டேப்காரர் அளந்த அன்றே இருபத்தாறாம் முடிச்சில் சிவப்பு நூல் கட்டினேன். நேற்றும் வாளி தண்ணீரைத் தொட்டபோது, பழைய சுவர் முடிந்த இடத்தில் கச்சிதமாக அந்தச் சிவப்பு நூல் நின்றது. ஒரு விரற்கடை இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொன்னேன். ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே, "அக்கா, கிணறு உங்களுது, குழாய் எல்லாருக்கும். நீங்க பாட்டுக்கு வாயைத் திறந்தீங்க, அப்புறம் இந்தத் தெருவுல உங்களோட பேசறதுக்குத் தவளைதான் மிஞ்சும்"ன்னா. பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் பொய்த் தண்ணியைக் குழாயில பிடிச்சு அதுல சாமி விளக்கைக் கழுவச் சொல்றியா? எனக்கு மனசு வரலைடா. திங்கட்கிழமைக்குள் இருபத்தெட்டை அடித்து இருபத்தாறு என்று எழுதிவிடு. தெருவின் சாபம் என் தலையோடு போகட்டும்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உன் பேனா நேராக ஓடட்டும். ஆண்டவன் துணை.

உன் அக்கா

பின்குறிப்பு: அடிக்காதே! எதையும் தொடாதே! ஒட்டுவதற்கு முன் இதை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "சுவரை ஏத்தினா கயிறு எட்டுமா? வாளிப் பக்கம் ரெண்டு அடித் துண்டு, உன் மாதிரியே அடிக்கொரு முடிச்சு போட்டு, சேர்த்துக் கட்டினேனே. மேல் முனையில நீ போட்ட முடிச்சை எந்த மகராசன் அவிழ்ப்பான்?" என்கிறார். எண்ணிப் பார்த்தேன், சிவப்பு நூல் இருபத்தெட்டாவது முடிச்சில் இருக்கிறது. டேப்காரரும் புதுச் சுவரைப் பார்த்து, முப்பதில் ரெண்டைக் கழித்துத்தான் எழுதினாராம். சுவரில் சாக்பீஸால் குறித்தும் வைத்தாராம். யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று தேய்த்துக் கழுவினது நான்.

ஆக, தண்ணீர் நிஜமாகவே போயிருக்கிறது. குழாய்க்குச் சந்தோஷப்படுவதா, கிணற்றுக்கு அழுவதா தெரியாமல் டீயில் மூணு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டேன். இன்று காலை மறுபடி கயிறு எட்டவில்லை. உன் அத்தான் இன்னொரு துண்டு தேடுகிறார். இந்தத் தடவை நோட்டோடு நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.