‘பிரின்ஸா’வுக்கு ஒரு பூர்வீகம் வேண்டும்

புகாரெஸ்டில் நம் ருமேனிய மொழிக்கு அகராதி தொகுக்கும் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, சிபியு மலைப்பக்கத்து ஆட்டு மந்தைக்காரன் நிக்கோதிம் ஓப்ரியான் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் ஆடுகளும் சுகம். தங்கள் சுகத்தையும் அகராதியின் சுகத்தையும் அறிய ஆவல்.

ஐயா, தாங்கள் போட்ட ஒரு வரியால் என் மகள் சவேத்தாவின் கல்யாணம் நின்று கிடக்கிறது. ‘பிரின்ஸா’ என்றால் பாலாடைக்கட்டி என்று எழுதினீர்கள், சரி, அது கைக்குழந்தைக்கும் தெரியும். பக்கத்திலேயே ‘தோற்றம் உறுதியில்லை’ என்று எழுதினீர்களே, அங்கேதான் வந்தது வினை. போன ஞாயிறு நிச்சயதார்த்த விருந்து. மாப்பிள்ளை ரேமுஸின் அப்பா திபேரியு, ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார், என்னைப் போலவே மனைவியை இழந்தவர். மக்காச்சோளக் களியை நூலால் அறுத்து, நடுவே நான் செய்த பிரின்ஸாவை வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்ட மனுஷன் சும்மா இருக்கக் கூடாதா?

“சம்பந்தி, இந்தப் பேரு லத்தீன்லேருந்து வந்தது, தெரியுமோ?”

“வாத்தியாரே, ரோமாக்காரன் வர்றதுக்கு முந்தியே எங்காளுங்க இந்த மலையில பால் கறந்தாங்க. அவன் வந்து பேரு வைக்கிறவரைக்கும் ‘அதைக் குடு, இதைக் குடு’ன்னா கேட்டுச் சாப்பிட்டாங்க?”

சமாதானம் செய்கிறேன் என்று மாப்பிள்ளை தங்கள் அகராதியைப் பிரித்தான். அதிலோ தோற்றம் உறுதியில்லையாம், ஆல்ப்ஸ் மலையில் ஏதோ ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்று சொல்வாரும் உண்டாம். அதைத் திட்டுவதில் மட்டும் நாங்கள் ஒன்று சேர்ந்தோம். பிறகு மறுபடி அடித்துக்கொண்டோம். வாத்தியார் தான் கொண்டுவந்த பிளம் சாராயத்தை, பாதி குடித்த பாட்டிலோடு, எடுத்துக்கொண்டு போயே விட்டார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

“அப்பா, நான் கட்டிக்கப்போறது ரேமுஸை. அந்த வார்த்தையை இல்ல!” என்று சவேத்தா அழுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் மேய்ப்பர்களின் சொல் என்று அடித்துச் சொல்லுங்கள். முடியாதென்றால் லத்தீன் என்றே போட்டுத் தொலையுங்கள், நான் வாயை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிடுகிறேன். உடனே ஏதாவது ஒன்றை முடிவாகச் சொல்லுங்கள்.

தங்கள் வீட்டில் பால் திரியாமலும் பிள்ளைகள் இளைக்காமலும் இருக்க வாழ்த்தும்,
நிக்கோதிம்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாத்தியார் கை நிறையப் புத்தகங்களோடு வந்துவிட்டார். சாயங்காலம்வரை கத்தினோம். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் இரண்டும் பாதிரியாரிடம் போய்க் கல்யாணத் தேதி குறித்துவிட்டன, எங்களுக்குத் தெரியவே இல்லை. போகும்போது வாத்தியார், “இதோட விட்டேன்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவேன்” என்று மிரட்டினார். என் மனைவி போன பிறகு இந்த வீட்டுக்கு வருவேன் என்று யாரும் சொன்னதில்லை, ஐயா. ஆகவே தயவுசெய்து எதையும் கண்டுபிடித்துவிடாதீர்கள்.