செலண்டார் பெரியப்பாவின் சாவு

திருச்செல்வம் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிற ஆள். வாய் முந்தும், புத்தி பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும். கோயில் கூட்டத்தில் செயலாளர் முனியாண்டி, "இந்த மாசி மகத்துக்குக் காவடி எடுக்க யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, இவர் தொப்பையைப் பார்த்துச் சிரித்ததுதான் தாமதம். எழுந்து நின்றுவிட்டார்.

"நான் எடுக்கறேன். நாப்பத்தெட்டு நாள் விரதத்தோட."

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் நாற்பத்தெட்டு நாள் எவ்வளவு நீளம் என்று உறைத்தது. ஆட்டுக்கறி இல்லை. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி முடித்ததும் குடிக்கும் ஒரு டின் பீர் இல்லை. மூன்றாம் நாளே கத்தரிக்காயைக் கண்டால் கண்ணில் நீர் வந்தது. பெயரை அடிக்கச் சொல்லவோ மானம் இடம் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு யோசனை வந்தது. தீட்டு. பங்காளி வீட்டில் சாவு என்றால் காவடி எடுக்கக் கூடாது, யாரும் குறை சொல்லவும் முடியாது. யாரைச் சாகடிக்கலாம்? செலண்டாரில் தனியாக இருக்கும் தம்புசாமி பெரியப்பா. பிள்ளைகுட்டி இல்லாதவர், ஏன் என்று கேட்க ஆளில்லை. வாசலை மிதிப்பதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்.

"கலை, பெரியப்பா போயிட்டாரு."

மனைவி கலைமகள் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவில்லை. "எப்போ?"

"காலையில. எடுத்துட்டாங்களாம். தீட்டு வந்துருச்சு. காவடிக்குக் கொடுத்து வைக்கல, என்ன பண்றது?"

"கொள்ளி யாருங்க போட்டா?"

இதை அவர் யோசிக்கவில்லை. "யாரோ... பக்கத்து வீட்டுக்காரங்க."

"அதெப்படிலா? பிள்ளை இல்லாத மனுஷனுக்குத் தம்பி மகன் நீங்கதானே பிள்ளை. கருமாதிக்கு நீங்கதான் மொட்டை அடிக்கணும். மீசையும் எடுக்கணும். வருஷம் திரும்பற வரைக்கும் தீபாவளி கிடையாது, கல்யாண டின்னர் கிடையாது, கறி கிடையாது, பீரு ஒரு சொட்டு கிடையாது."

திருச்செல்வம் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருபது வருட மீசை. நாற்பத்தெட்டு நாளுக்குத் தப்பி, முன்னூற்று அறுபத்தைந்து நாளில் போய் விழுந்திருந்தார். அழுகையே வந்துவிட்டது.

"கலை, அவரு சாகல. சும்மா சொன்னேன்."

"தெரியும்ங்க. நீங்க கோயில்ல எழுந்து நின்ன அன்னிக்கே போன் போட்டு அவரை வரச் சொல்லிட்டேன். இன்னிக்கு மத்தியானமே பஸ்ல வந்துட்டாரு." சமையலறைப் பக்கம் திரும்பினாள். "பெரிய மாமா, வாங்க."

தம்புசாமி பெரியப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காவடி இறக்கற வரைக்கும் இங்கதான்டா இருப்பேன். கிட்ட வா. வாயைத் திறந்து ஊது."